4கே-ள்வி பதில்

கே: ஆசையாக 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிகிறது. பழுது மானிட்டரிலா, என் கண்ணிலா?
— கணக்காளர், ஈரோடு

ப: இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. விண்டோஸ் ஆதியிலிருந்தே ஓர் அங்குலத்துக்கு 96 பிக்ஸல் என்று மனக்கணக்கு வைத்திருக்கிறது. உங்களுடைய பழைய 24 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் அங்குலத்துக்கு 92 பிக்ஸல் இருந்தன. கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனதால் வம்பு வரவில்லை. புதியதில் அங்குலத்துக்கு 163. பழைய எண்ணிக்கையிலேயே பிக்ஸல் செலவழித்து எழுதினால், எழுத்து முன்பிருந்ததில் பாதி அளவுக்குச் சற்று மேலே வந்து நிற்கும்.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்கள். அங்கே 'ஸ்கேல்' என்று ஒன்று இருக்கும். 150 வையுங்கள். போதாவிட்டால் 175. இந்த அளவு மானிட்டரைச் செருகியதுமே வழக்கமாக விண்டோஸ் தானாக 150-ஐப் பரிந்துரைக்கும். "இடம் வீணாகிறதே" என்று யாரோ அதை 100 ஆக்கியிருக்கிறார்கள். வீட்டில் கல்லூரி போகும் பையன் இருந்தால் அவனிடமிருந்து விசாரணையைத் தொடங்கலாம்.

கே: ரெசல்யூஷனையே 1920×1080 ஆகக் குறைத்தால் எழுத்து பெரிதாகிவிடுகிறதே! ஸ்கேலிங் அது இது என்று ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?
— மதுரை வாசகர்

ப: தாராளமாகக் குறைக்கலாம். 83 லட்சம் பிக்ஸலுக்குக் காசு கொடுத்துவிட்டு 21 லட்சத்தில் குடும்பம் நடத்துவதாக அர்த்தம்.

ஸ்கேலிங்கை ஏற்றினால் கம்ப்யூட்டர் அதே எழுத்தை அதிகப் பிக்ஸல் போட்டு வரையும். வளைவுகள் வழுவழுப்பாக வரும். ரெசல்யூஷனைக் குறைத்தால் ஒரு சின்னப் படத்தை வரைந்து அனுப்பிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். மானிட்டர்தான் அதை இழுத்துப் பெரிதாக்க வேண்டும். ஒரு பிக்ஸலை நாலாக்குவதுதானே, சுத்தமாக வராதா என்பீர்கள். வர வேண்டும்தான். ஆனால் பெரும்பாலான மானிட்டர்கள் ஓரங்களைக் குழைத்தே பெரிதாக்குகின்றன. குழைக்காமல் ஒன்றை நாலாக்க 'இன்டிஜர் ஸ்கேலிங்' என்ற வசதியை என்விடியா, இன்டெல், ஏ.எம்.டி. மூன்றுமே 2019-ல் தங்கள் டிரைவரில் கொண்டுவந்தன. பழைய கேம்களுக்கு அது நல்ல துணை.

2560×1440 வைப்பது இன்னும் மோசம். அங்கே ஒரு பிக்ஸலுக்கு ஒன்றரை பிக்ஸல். அரை பிக்ஸலை மட்டும் எரியவிடும் திரையை இதுவரை யாரும் செய்யவில்லை.

கே: 4கே என்றால் 4000 பிக்ஸல்தானே?
— பள்ளி மாணவி, நெல்லை

ப: 3840. அந்த 160-ஐ விளம்பரத்துறை நன்கொடையாக வழங்கியிருக்கிறது. சினிமா தியேட்டர் 4கே-யில் மட்டும் உண்மையாகவே 4000-க்கு மேல், அதாவது 4096.

கே: 27 அங்குல 4கே-க்கு வலது பக்கம் என் பழைய 24 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரையும் வைத்திருக்கிறேன். கீழே டாஸ்க்பார் பக்கத்திலிருந்து மவுஸை அங்கே நகர்த்தினால் நடுவில் சுவரில் முட்டியது போல நின்றுவிடுகிறது. ஒரு ஜன்னலை இங்கிருந்து அங்கே இழுத்தால் சைஸ் மாறுகிறது. இரண்டையும் சமாதானமாக வாழவைக்க வழி உண்டா?
— மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

ப: உண்டு. முதலில் சுவரை இடிப்போம்.

அளவுகோலை வைத்துப் பாருங்கள். 27 அங்குலத் திரையின் உயரம் 33.6 செ.மீ., 24 அங்குலத்தின் உயரம் 29.9 செ.மீ. உங்கள் கண்ணுக்கு நாலு விரல்கூட வித்தியாசமில்லாத அண்ணன் தம்பி. விண்டோஸுக்கு சென்டிமீட்டரே தெரியாது, பிக்ஸல் மட்டும்தான் தெரியும். அதன் வரைபடத்தில் ஒருவர் உயரம் 2160, இன்னொருவர் உயரம் 1080. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், பாருங்கள். ஒன்று மற்றதில் பாதி உயரத்தில் நிற்கும். உங்களுடையதில் இரண்டின் மேல் ஓரமும் ஒட்டியிருக்கிறது. அதனால் 4கே திரையின் மேல்பாதியில் வலது பக்கம் வாசல், கீழ்ப்பாதியில் சுவர். டாஸ்க்பார் கீழ்ப்பாதியில்தானே இருக்கிறது!

நீங்கள் அதிகம் கடக்கும் உயரத்துக்கு நேராக அந்தச் சின்னக் கட்டத்தை இழுத்து வையுங்கள். டாஸ்க்பார் பக்கமாகவே போய்வருவீர்கள் என்றால் அடி ஓரங்களைச் சேருங்கள். விண்டோஸ் 11 என்றால் அதே பக்கத்தில் 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' என்பதற்குள் மவுஸ் எளிதாகத் தாண்டுவதற்கென்றே ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் சுவர் இருக்கும் இடத்திலும் மவுஸ் தாவிவிடும். இதுவும் திருப்தி தராதவர்களுக்கு 'லிட்டில் பிக் மவுஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. திரைகளின் நிஜமான அளவைக் கொண்டு மவுஸை நடத்தும். மேசையில் எந்த உயரத்தில் கிளம்பியதோ அதே உயரத்தில் அந்தப் பக்கம் போய் இறங்கும்.

அடுத்தது ஜன்னலின் சைஸ். இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அங்குலத்துக்கு எத்தனை பிக்ஸல் என்பதை ஸ்கேலிங்கால் வகுத்துப் பாருங்கள். பழைய திரையில் 92, ஸ்கேலிங் 100 சதவீதம், விடை 92. புதியதில் 163-ஐ 1.5-ஆல் வகுத்தால் 109. இரண்டு விடைக்கும் இடைவெளி இருப்பதால் ஒரே ஜன்னல் 4கே-யில் ஆறில் ஒரு பங்கு சிறுத்துத் தெரிகிறது. 150-க்குப் பதில் 175 வைத்துப் பாருங்கள். 163-ஐ 1.75-ஆல் வகுத்தால் 93. அங்கே 92, இங்கே 93. இனிமேல் ஜன்னலை இழுத்தால் சைஸ் மாறாது, தெளிவு மட்டும் மாறும்.

இரண்டு திரைக்கும் நடுவில் ஜன்னலைப் பாதி பாதியாக நிறுத்திவைத்தால் மட்டும் ஒரு பக்கம் பூதாகரமாகவோ குள்ளமாகவோ இருக்கும். பாதியைத் தாண்டிய பிறகுதான் விண்டோஸ் அதைப் புதிய திரையின் கணக்குக்கு மாற்றும். வாசற்படியில் நிற்க வைக்காதீர்கள், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அனுப்பிவிடுங்கள்.

கே: அந்த 92, 163 எல்லாம் எங்கிருந்து பிடிக்கிறீர்கள்? பெட்டியில் போடவில்லையே?
— அதே புதுச்சேரி வாசகர், அடுத்த மின்னஞ்சலில்

ப: பெட்டியில் போடமாட்டார்கள், போட்டால் 32 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரை எப்படி விற்பது?

கணக்கு சுலபம். திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை குறுக்காக எண்ணினால் ஃபுல் எச்.டி.யில் 2203 பிக்ஸல், 2560×1440-இல் 2937, 4கே-யில் 4406. இந்த எண்ணை மானிட்டரின் அங்குல அளவால் வகுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் இந்த வகுத்தலைக் கடையிலேயே போட வேண்டும். 24 அங்குல ஃபுல் எச்.டி.யும் 32 அங்குல 2560×1440-உம் பார்வைக்குச் சம்பந்தமில்லாதவை. வகுத்தால் இரண்டுமே 92. பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த அமைப்பையும் தொடாமல் வேலை பார்க்கலாம். 32 அங்குல 4கே-யில் விடை 138, அதை 150 சதவீதத்தில் ஓட்டினால் மறுபடி 92. 24 அங்குல 4கே-யில் 184, சரியாக 200 சதவீதம். ஆக, பழைய 24 அங்குலத்தைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்கு மூன்று நல்ல வரன்கள் இருக்கின்றன. "பழையதும் 27, புதியதும் 27, ஜோடிப் பொருத்தம்" என்று அங்குலத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கும், "அதுவும் 4கே, இதுவும் 4கே" என்று ரெசல்யூஷனை மட்டும் பார்ப்பவர்களுக்கும்தான் தகராறு.

கே: 4கே-யில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. நாங்கள் பன்னிரண்டு வருடமாக ஓட்டும் பில்லிங் மென்பொருள் மட்டும் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பது போல மங்கலாக இருக்கிறது. ஏன்?
— ஜவுளிக் கடை, கரூர்

ப: அந்த மென்பொருளுக்கு 96-ஐத் தவிர வேறு உலகம் தெரியாது. அதை அப்படியே விட்டால் எழுத்து கண்ணுக்கே தெரியாது. எனவே விண்டோஸ் அதை வழக்கம்போலச் சின்னதாக வரையவிட்டு, வரைந்து முடித்ததைப் போட்டோவாக எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. விஸ்டா காலத்து ஏற்பாடு இது. 2013-இல் வந்த விண்டோஸ் 8.1 திரைக்குத் திரை வேறு ஸ்கேலிங் வைக்க அனுமதித்தபோது மங்கலும் திரைக்குத் திரை பரவியது.

மருந்து இருக்கிறது. மென்பொருளின் ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், காம்பாட்டிபிலிட்டி, அதில் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கீழே உள்ள டிக்கைப் போட்டால் மூன்று வழிகள் விரியும். 'அப்ளிகேஷன்' என்றால் விண்டோஸ் கையை எடுத்துக்கொள்ளும். கூர்மையாக இருக்கும், பொடியாகவும் இருக்கும். 'சிஸ்டம்' என்றால் மங்கல். 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்ற மூன்றாவதைத்தான் உங்கள் கடைக்குச் சிபாரிசு செய்வேன். 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி. பழைய முறையில் எழுதும் மென்பொருளின் எழுத்துகளை மட்டும் பெரிய அளவிலேயே வரையச் செய்து, படங்களை இழுத்துக்கொள்ளும். எல்லா மென்பொருளும் இதற்கு மசியாது. பழைய ஜாவா மென்பொருள்கள் மசியவே மசியாது. ஜாவாவுக்கே இந்த விஷயம் 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் புரிந்தது. மசியாத கேஸ்களை 24 அங்குலப் பழைய மானிட்டரில் ஓட்டுங்கள். கலப்பு ஜோடி வைத்திருப்பதன் பெரிய நன்மையே அதுதான்.

கே: மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது. வீடியோவும் கொஞ்சம் தள்ளாடுகிறது. மானிட்டர் 4கே 60 ஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது. கேபிள் மட்டும் வீட்டில் கிடந்த பழைய எச்.டி.எம்.ஐ.
— திருச்சி வாசகர்

ப: யானை வாங்கக் காசிருந்தது, அங்குசம் வாங்கத்தான் காசில்லை!

83 லட்சம் பிக்ஸல், ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 24 பிட், நொடிக்கு 60 தடவை. பெருக்கினால் கிட்டத்தட்ட 1,200 கோடி பிட். 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 வழியாகப் போகக்கூடிய தரவு சுமார் 816 கோடி. எனவே அது 60-ஐப் பாதியாக்கி 30 ஹெர்ட்ஸில் அனுப்புகிறது. மவுஸ் அதனால்தான் நொண்டுகிறது. 2013-இல் வந்த 2.0-இல் 1,440 கோடி வரை போகும், போதும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் 1,728 கோடி, தாராளம்.

கேபிளை மட்டும் மாற்றிவிட்டு எனக்கு மறுபடி எழுதாதீர்கள். கம்ப்யூட்டரின் துளையும் 2.0 ஆக இருக்க வேண்டும். இன்டெல் 6 முதல் 9-ஆம் தலைமுறை வரை வந்த பல மதர்போர்டுகளில் எச்.டி.எம்.ஐ. துளை 1.4-தான். பக்கத்திலேயே டிஸ்ப்ளேபோர்ட் துளை இருந்தால் அதில் செருகுங்கள், கேபிள் விலையோடு பிரச்சினை முடிந்தது. சில மானிட்டர்களின் சொந்த மெனுவிலும் எச்.டி.எம்.ஐ. பதிப்பைத் தேர்வு செய்யும் இடம் உண்டு. அது 1.4-இல் கிடந்தாலும் இதே கதைதான். கடைசியாக, விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 60 வந்ததா என்று பாருங்கள்.

கே: தங்க முலாம் பூசிய கேபிள் வாங்கினால் படம் இன்னும் நன்றாக இருக்குமா?
— பெயர் வேண்டாம்

ப: சிக்னல் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் படம் ஒன்றேதான், சேராவிட்டால் திரை கறுத்து கறுத்து மீளும். இரண்டுக்கும் நடுவில் தங்க நிறம் என்று ஒன்று கிடையாது. பெட்டியில் 'பிரீமியம் ஹைஸ்பீட்' சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தங்கத்தைக் காதுக்கும் கழுத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கே: புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
— பொறியியல் மாணவர், கோவை

ப: கேபினட்டின் பின்பக்கம் போங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிள் மேலே, யு.எஸ்.பி. துளைகளுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறதா? அது மதர்போர்டின் வாசல். கீழே படுக்கை வசத்தில் இருப்பதுதான் கிராபிக்ஸ் கார்டு. கேபிளை அங்கே மாற்றுங்கள். உங்கள் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால், உதாரணமாக 12400எஃப், அதற்குள் படம் காட்டும் பகுதியே இயங்காது. மேல் வாசலில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஆள் வரமாட்டார்.

இப்போது தூங்குங்கள்.

கே: மேக் மினியில் 27 அங்குல 4கே. 'லுக்ஸ் லைக் 2560×1440' என்று வைத்தால் அளவு கச்சிதம், ஆனால் நுணுக்கமான கோடுகளில் ஒரு மழுங்கல். காலண்டர் டிசைன் எங்கள் தொழில். கண்ணை உறுத்துகிறது.
— சிவகாசி வாசகர்

ப: தொழில்முறைக் கண் சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

விண்டோஸ் 125, 150, 175 என்று எதைக் கேட்டாலும் மென்பொருளை அந்த அளவுக்கே வரையச் சொல்லும். மேக்குக்கு ஒன்று அல்லது இரண்டு, இடையில் எதுவும் கிடையாது. நீங்கள் 2560×1440 கேட்டதும் அது இருமடங்காக 5120×2880-இல் ஒரு படத்தை வரைகிறது. பிறகு அதை 3840×2160-க்குள் சுருக்குகிறது. ஒரு பிக்ஸல் தடிமனில் நீங்கள் போட்ட கோடு இந்தச் சுருக்கலில் இரண்டு பிக்ஸல்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது, அதுதான் மழுங்கல். எழுத்து வேலைக்குப் பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள். கோடும் கட்டமும் போடுகிறவர் கவனிப்பார்.

ஆப்பிளின் மனதுக்குப் பிடித்த எண்கள் இரண்டு: அங்குலத்துக்கு 110 ஒட்டி, அல்லது 220 ஒட்டி. அதன் 27 அங்குல ஐமேக் ஒருகாலத்தில் 109. 2014 அக்டோபரில் அதே அளவில் 5கே வந்தபோது 218, சரியாக இருமடங்கு. உங்களுடைய 163 நட்டநடுவில் நிற்கிறது. 'லுக்ஸ் லைக் 1920×1080' வைத்தால் சுருக்கல் இல்லை, கோடு கத்தியாக இருக்கும், ஆனால் எல்லாம் பெரிதாக இருக்கும். கோடு வேலையின்போது அதற்கு மாறிக்கொள்ளுங்கள், அல்லது டிசைனை 100 சதவீதத்துக்கு மேல் ஜூம் செய்து பாருங்கள். தொழில் நன்றாக நடந்தால் 5கே.

மேக்குக்கு இரண்டாவது திரையாக மலிவான ஃபுல் எச்.டி. வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். 2018-இல் வந்த மொஹாவியிலிருந்து, குறைந்த அடர்த்தித் திரைகளில் எழுத்தை நேர்த்தியாகக் காட்டும் பழைய உத்தியை ஆப்பிள் ஓரங்கட்டிவிட்டது. பக்கத்தில் 4கே இருக்கும்போது அந்த வித்தியாசம் முகத்தில் அடிக்கும்.

கே: ஒரே யு.எஸ்.பி.-சி ஹப்பில் இரண்டு எச்.டி.எம்.ஐ. என் பழைய விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டு மானிட்டரிலும் வேறு வேறு படம் வந்தது. மேக்புக்கில் செருகினால் இரண்டிலும் ஒரே படம். ஏமாற்றிவிட்டார்களா?
— சிங்கப்பூர் வாசகி

ப: ஹப் யோக்கியமானது. ஒரு டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பைப் பிரித்து இரண்டு திரைக்குத் தனித்தனிப் படம் அனுப்பும் முறைக்கு எம்.எஸ்.டி. என்று பெயர். விண்டோஸுக்குத் தெரியும், மேக் ஏற்காது. அதோடு உங்களுடையது எம்1 அல்லது எம்2 மேக்புக் ஏர் என்றால், வெளியே ஒரு மானிட்டர்தான் என்பது சிப்பிலேயே எழுதியான விதி. இரண்டு வேண்டுமானால் 'டிஸ்ப்ளேலிங்க்' என்று போட்ட அடாப்டர் தேடுங்கள். படத்தைச் சுருக்கி யு.எஸ்.பி. வழியாக அனுப்பும். ஆவணம், விரிதாள் எல்லாம் சரி. கேம் வேண்டாம்.

பலருக்கும் பயன்படும் இன்னொன்று: ஹப்பில் 4கே செருகினால் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவில்லையா? யு.எஸ்.பி.-சி வயரின் நாலு பாதையில் இரண்டை ஹப் யு.எஸ்.பி. டேட்டாவுக்கு எடுத்துக்கொண்டிருக்கும். டேட்டா முக்கியமா, மானிட்டர் முக்கியமா என்று கேட்டு வாங்க வேண்டிய சாமான் அது.

கே: தமிழ் படிக்க, எழுத 4கே-யால் உண்மையான பயன் உண்டா? அல்லது வெட்டிச் செலவா?
— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ப: ஐயா, இங்கிலீஷ்காரனைவிட நமக்குத்தான் பயன் அதிகம்.

9 பாயின்ட் எழுத்துக்கு 96 கணக்கில் கிடைப்பது 12 பிக்ஸல் உயரம். அந்தப் பன்னிரண்டுக்குள் எழுத்தின் உடல், மேலே 'கி'யின் கொக்கி, கீழே 'கு'வின் வால் எல்லாம் அடங்க வேண்டும். ஆங்கில 'எல்'லுக்கு ஒரு கோடு போதும். நம் 'ண'வுக்கு எத்தனை சுழி, 'ஞ'வுக்கு எத்தனை முறுக்கு! பழைய மானிட்டரில் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். 'ணை'யின் சுழிகளுக்குள் இருக்க வேண்டிய வெள்ளை, சாம்பல் நிறமாக அடைபட்டிருக்கும். புள்ளியின் நிலைமை இன்னும் பரிதாபம். ஒன்றோ இரண்டோ பிக்ஸல்தான் அதன் மொத்தச் சொத்து. மெய்ப்புப் பார்க்கிறவருக்கு அது புள்ளியா, திரையில் ஒட்டிய தூசியா என்று விரலால் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். 175 சதவீதத்தில் ஓடும் 4கே-யில் அதே எழுத்துக்கு 21 பிக்ஸல் உயரம். சுழி திறக்கிறது, புள்ளி வட்டமாகிறது.

பழைய ஆவணங்கள் 'லதா' எழுத்துருவில் இருந்தால் 'நிர்மலா யுஐ'-க்கு மாற்றிப் பாருங்கள். முன்னது விண்டோஸ் 2000 காலம், பின்னது விண்டோஸ் 8-உடன் வந்தது. மெய்ப்பு வேலை செய்பவர்களுக்கு மட்டுமாவது அலுவலகங்கள் முதலில் 4கே வாங்கித் தர வேண்டும் என்பது என் கட்சி. நடைமுறையில் மேலாளர் மேசைக்குத்தான் போகிறது, அவர் அதில் வாட்ஸ்அப் பார்க்கிறார்.

கே: அப்படியானால் 8கே இன்னும் நல்லதுதானே?
— சேலம் வாசகர்

ப: நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியக்கூடிய நுணுக்கம் ஏறத்தாழ ஒரு டிகிரி கோணத்தின் அறுபதில் ஒரு பாகம். 60 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்தால் அது 0.17 மி.மீ. 24 அங்குல ஃபுல் எச்.டி.யின் ஒரு பிக்ஸல் 0.28 மி.மீ., கண்ணுக்குத் தட்டுப்படும். 27 அங்குல 4கே-யின் பிக்ஸல் 0.16 மி.மீ., ஏற்கெனவே எல்லைக்குள் வந்துவிட்டது. அதற்குமேல் கொடுக்கும் காசு மெருகுக்குத்தான்.

2017-இல் டெல் 32 அங்குலத்தில் 8கே மானிட்டர் ஒன்றை விற்றது. முழு வேகத்தில் ஓட இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் செருக வேண்டும். இதுகூடப் பரவாயில்லை. 2001-இல் ஐபிஎம் கொண்டுவந்த டி220 என்ற மானிட்டர் 22.2 அங்குலத்தில் 3840×2400. அங்குலத்துக்கு 204 பிக்ஸல். ஊரெல்லாம் டப்பா மானிட்டரில் 1024×768 பார்த்துக்கொண்டிருந்த காலம்! அந்த வரிசை மானிட்டரை முழு வேகத்தில் ஓட்ட நாலு டிவிஐ இணைப்பு வரை கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிக் கொடுத்தும் நொடிக்கு 41 தடவைதான் படம் மாறும்.

கே: ரிச்சி தெருவில் பழைய 4கே மானிட்டர் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. விண்டோஸ் அதை இரண்டு மானிட்டர் என்கிறது. லாபம்தானே?
— சென்னை வாசகர்

ப: 2013 வாக்கில் வந்த முதல் தலைமுறை 4கே-யாக இருக்கும். 60 ஹெர்ட்ஸில் முழுத்திரையையும் ஒரே மூச்சில் கையாளும் சிப் அப்போது இல்லை. எனவே 1920×2160 என்று இரண்டு பாதிகளாகப் பிரித்து, உள்ளே ஒட்டிக் காட்டினார்கள். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் பெரும்பாலும் ஒட்டிவிடும். ஒட்டாவிட்டால் மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அல்லது எம்.எஸ்.டி.யை அணைத்துவிட்டு 30 ஹெர்ட்ஸில் ஓட்டலாம். சல்லிசு என்றால் இப்படித்தான்.

கே: லினக்ஸில் 4கே-யும் ஃபுல் எச்.டி.யும் சேர்த்து வைத்தால் ஒன்று சரியானால் மற்றது கெடுகிறது. விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா?
— நிரலர், யாழ்ப்பாணம்

ப: பொறுங்கள். லாகின் திரையில் 'எக்ஸ்11' தேர்ந்திருக்கிறதா, 'வேலண்ட்' தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்11 என்பது 1987-ஆம் வருடத்துச் சரக்கு. எத்தனை திரை இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே பெரிய பலகையாகப் பார்க்கும்; பலகைக்கு ஒரே ஸ்கேலிங். அங்கேயே இருந்தாக வேண்டுமென்றால் ஒரு தந்திரம் உண்டு. மொத்தத்துக்கும் 200 சதவீதம் வைத்துவிட்டு, ஃபுல் எச்.டி. திரைக்கு மட்டும் எக்ஸ்ராண்டர் கட்டளையில் ஸ்கேல் 2×2 கொடுங்கள். அது தன்னையும் 4கே என்று நினைத்துக்கொண்டு வரைந்து, பாதியாகச் சுருக்கிக் காட்டும். கொஞ்சம் மழுங்கும், வேலை நடக்கும்.

வேலண்டில் திரைக்குத் திரை தனி ஸ்கேலிங். 150, 175 போன்ற பின்னங்களை மென்பொருளே நேரடியாக வரைவதற்கான நெறிமுறை 2022 இறுதியில் வந்தது. கே.டி.இ. பிளாஸ்மா 5.27-இலிருந்து அது இருக்கிறது. பழைய மென்பொருள் சில இன்னும் எக்ஸ் வேஷத்தில் உள்ளே வந்து மங்கலாகத் தெரியும். கலப்பு மானிட்டருக்கு இன்று லினக்ஸில் என் ஓட்டு பிளாஸ்மாவுக்கு.

கே: 43 அங்குல 4கே டி.வி.யையே மானிட்டராக வைத்தால் என்ன? காசும் மிச்சம்.
— ட்ரேடர், திருப்பூர்

ப: நல்ல யோசனைதான். 43 அங்குலத்தில் அங்குலத்துக்கு 102 பிக்ஸல். ஸ்கேலிங்கே வேண்டாம், 100-இல் ஓட்டலாம். இருபத்தொன்றரை அங்குல ஃபுல் எச்.டி. நாலைச் சட்டமில்லாமல் ஒட்டியது போன்ற இடம், சார்ட் பார்ப்பவருக்குச் சொர்க்கம்.

செருகியதும் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து ஒன்றைத் தட்டிப் பாருங்கள். ஓரம் கலங்கியிருந்தால் டி.வி. நாலு பிக்ஸலுக்கு ஒரு நிறம் என்று சிக்கனம் பிடிக்கிறது. சினிமாவில் தெரியாது, எழுத்தில் தெரியும். அந்த எச்.டி.எம்.ஐ. இன்புட்டின் பெயரை 'பி.சி.' என்று மாற்றுங்கள், பல டி.வி.களில் அந்தப் பெயர் மாற்றமே மந்திரம். யு.எச்.டி. கலர் என்றோ என்ஹான்ஸ்டு என்றோ ஒரு அமைப்பு இருந்தால் அதையும் போடுங்கள். நாலு ஓரமும் வெட்டுப்பட்டால் 'ஸ்க்ரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்'. முக்கியமாக, ஆழமான மேசை வேண்டும். ஒன்றரை அடி மேசையில் 43 அங்குலம் வைத்தால் ஷேர் ஏறுவதைவிடக் கழுத்து அதிகம் திரும்பும்.

கே: டீ குடித்துவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டர் தூங்கிவிடுகிறது. எழுப்பினால் 4கே-யில் இருந்த எல்லா ஜன்னலும் பக்கத்து மானிட்டரில் போய்க் குவிந்து கிடக்கின்றன. யார் எடுத்துப் போடுகிறார்கள்?
— நாகர்கோவில் வாசகி

ப: டிஸ்ப்ளேபோர்ட்டில் இருக்கும் பல மானிட்டர்கள் தூங்கும்போது கேபிளைப் பிடுங்கியது போலவே அறிவித்துவிடும். விண்டோஸ் பதறி, ஜன்னல்களையெல்லாம் விழித்திருக்கும் திரைக்கு மாற்றும். விண்டோஸ் 11-இல் 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' பகுதியில், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து ஜன்னல் இடத்தை நினைவில் வைக்கும் டிக் இருக்கிறது, போடுங்கள். மானிட்டரின் சொந்த மெனுவில் 'டீப் ஸ்லீப்' இருந்தால் அணைத்துவிடுங்கள். அப்படியும் ஏதாவது ஒரு ஜன்னல் இடம் மாறிக் கிடந்தால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு விண்டோஸ் கீ, ஷிஃப்ட், பக்கவாட்டு அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தானாக இந்தத் திரைக்கு வந்து நிற்கும்.